நாய் கடித்த கோழியைத் தேற்றி எடுப்பது எப்படி

எங்கள் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிகளில் ஒரு பெட்டையைத் தெருநாய் கவ்வி இழுத்துவிட்டது. முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் பல் பதிந்த காயம். "இனி தேறாது, அறுத்துவிடுங்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது தேறிவிட்டது, இப்போது முட்டையும் வைக்கிறது. கோழி பார்க்கப் பூஞ்சையான பறவைதான். ஆனால் சதை கிழிந்த காயம் அதற்கு ஆச்சரியப்படும் அளவுக்கு ஆறும். அதற்கு நாம் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இரத்தம், அப்புறம் இருட்டு

இரத்தம் வழிந்தால் சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் தூக்கிப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடமாவது விடாமல் அழுத்த வேண்டும்.

கோழியைப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். நமக்கு இருப்பது போல அதற்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும். துண்டில் சுற்றி இறுக்கிப் பிடித்தால், காயத்தால் சாகாத கோழி மூச்சு முட்டிச் செத்துவிடும். இறக்கைகளை உடம்போடு சேர்த்து, துண்டைத் தளர்வாகச் சுற்றினால் போதும்.

அடுத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய வேட்டித் துணி. அரைகுறை இருட்டில், சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். நாய் வாயிலிருந்து தப்பிய கோழி பெரும்பாலும் அதிர்ச்சியில் இருக்கும். கண் மூடி, தலை தொங்கி, கால் சில்லிட்டுப் போகும். அதன் இயல்பான உடம்புச் சூடே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதனால் மழைக்காலத்திலும் மார்கழியிலும் பெட்டிக்கு ஒரு பக்கமாக குண்டு பல்பு தொங்கவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் பல்பு வேண்டாம். வாயைத் திறந்து இரைத்தால், இறக்கையை அகட்டி வைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

மற்ற கோழிகளோடு ஒரே பஞ்சாரத்தில் கவிழ்க்கவே கூடாது. சிவப்பைப் பார்த்ததும் கொத்த ஆரம்பித்துவிடும்.

காயத்தைத் தேடுங்கள்

என்னை மிகவும் தடுமாற வைத்தது இந்த இடம்தான். கோழியின் இறகு பெரிய காயத்தையும் மூடி மறைத்துவிடும். மேலே ஒரு சொட்டு இரத்தம்தான் தெரியும், கீழே தோல் கையகலத்துக்குக் கிழிந்திருக்கும். நாய் கவ்வினால் ஒரு பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். மேல் பல் பட்ட இடத்துக்கு எதிர்ப்பக்கம் கீழ்ப்பல் பட்டிருக்கும். முதுகில் ஓட்டை இருந்தால் வயிற்றுப் பக்கமும் தடவிப் பாருங்கள். இறக்கைக்கு அடி, தொடையின் உள்பக்கம், வாலுக்கு மேலே, எல்லா இடத்திலும் இறகை எதிர்த்திசையில் ஊதினால் தோல் தெரியும்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்க வேண்டாம். மெல்லிய தோல், கூடவே கிழிந்து வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தண்டு நீலம் கலந்து பருமனாகத் தெரிந்தால் அது முளைத்துக்கொண்டிருக்கும் இறகு. உள்ளே இரத்தம் ஓடும், அதை விட்டுவிடுங்கள். இருவர் இருந்தால் நல்லது. ஒருவர் மடியில் வைத்துத் தலையைத் துணியால் மூடிக்கொண்டால் கோழி அடங்கிவிடும்.

பார்த்தவுடன் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியவை சில உண்டு. குடல் தெரிவது, எலும்பு வெளியே வருவது, தீனிப்பை கிழிந்து இரை ஒழுகுவது, காயத்திலிருந்து மூச்சோடு சேர்ந்து குமிழி வருவது. கடைசியாகச் சொன்னது, கோழியின் உடம்புக்குள் மூச்சுக் காற்று போய்வரும் காற்றுப்பை கிழிந்ததன் அடையாளம். அந்த ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. பூனை கடித்திருந்தால் காயம் ஊசிக்குத்து அளவு இருந்தாலும் போங்கள். பூனைப் பல்லில் உள்ள கிருமி விரைவில் இரத்தத்தில் கலந்துவிடும். ஊரில் கால்நடை மருந்தகம் எட்ட இருந்தால் 1962 எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

கழுவுதல்

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து 9 கிராம் உப்பு சேர்த்து ஆறவிடுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சால் காயத்துக்குள் பீய்ச்ச வேண்டும். என்னைக் கேட்டால், மருந்துப் பெட்டியில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த சிரிஞ்ச் இருக்க வேண்டும். மண், இறகுத் துணுக்கு, நாயின் எச்சில் எல்லாம் போய், வரும் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவுங்கள். அதன்பின் ஒரு பங்கு பீட்டாடினில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பால் விடாத டீயின் நிறத்தில் ஒரு முறை ஊற்றினால் போதும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு தினமும் போடாதீர்கள். நுரை வருவது திருப்தியாக இருக்கும், ஆனால் புதிதாக வளரும் சதையையும் அது அரித்துவிடும். மஞ்சள்தூள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலோட்டமான சிராய்ப்புக்குத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசலாம். ஆழமான பல் ஓட்டையில் பொடியைத் திணித்தால் மேலே பொருக்குக் கட்டி, உள்ளே சீழ் வைக்கும். வீட்டில் தையல் போடுவதும் அதே காரணத்தால் வேண்டாம்.

மெல்லிய பூச்சாக சோஃப்ராமைசின் போதும். வலி குறைய வேண்டும் என்று மனிதர்களின் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அது கொடுக்கப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2006ல் இந்தியாவில் தடை செய்தார்கள். கோழியின் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது.

ஈ

நம் ஊர் வெயிலில் பெரிய எதிரி ஈதான். ஒரே நாளில் புழு வைத்துவிடும். பெட்டியின் மேல் கொசுவலையைப் போட்டு, இடைவெளி இல்லாமல் கட்டிவிடுங்கள். இதைவிடச் சிறந்த ஈ மருந்தை நான் பார்க்கவில்லை. வைக்கோல், தேங்காய் நார், மணல் வேண்டாம், காயத்தில் ஒட்டும். துணியைத் தினமும் மாற்றுங்கள்.

தீனி

தண்ணீர்தான் முதலில். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே உறிஞ்சும். முதல் நாள் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கலாம். நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்ததும் குழைந்த சோறு, வேகவைத்த முட்டையின் கரு, ஊறவைத்த கம்பு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை. எச்சம் பச்சையாகத் தண்ணீராகப் போனால் பயப்படாதீர்கள், சாப்பிடாத கோழிக்கு அப்படித்தான் போகும். ஆனால் கூட்டத்தில் மற்றவையும் அப்படிக் கழிந்தால், கழுத்து திருகினால், அது வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் தொற்றுநோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பச்சை நிறம்

இரண்டு மூன்று நாளில் காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறும். அழுகிவிட்டது என்று நினைத்து இந்த நேரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். அடிபட்ட இடத்தில் தேங்கிய இரத்தம் சிதைந்து கோழியில் பச்சை நிறமாகிறது. மனிதரைப் போல மஞ்சளாகும் கட்டம் அதற்குப் பெரும்பாலும் கிடையாது. அழுகல் என்றால் கறுக்கும், நாற்றம் வரும், தோல் சில்லிடும். மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். கோழியின் சீழ் திரவமாக ஓடாது, பனீர்த் துண்டு போலக் கட்டியாக இருக்கும். காயத்தின் மேல் மெல்லிய மஞ்சள் படலம் மட்டும் இருந்து, வாடையும் வீக்கமும் இல்லையென்றால் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் ஏற்கெனவே புழு வைத்துவிட்டதே என்று கேட்டிருந்தார். உப்பு நீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் எடுங்கள், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மாட்டுக்கு ஊற்றும் டர்பன்டைனும் பினாயிலும் கோழிக்கு விஷம். புழு உள்ளே துளைத்துப் போயிருந்தால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொருவர் வெறிநோய் பற்றிக் கேட்டார். அது பாலூட்டிகளின் நோய். ஆனால் இறகில் நாயின் எச்சில் ஈரமாக இருக்கும்போது உங்கள் கையில் கீறல் இருந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

கூட்டத்தில் திரும்பச் சேர்ப்பதும் பலருக்குச் சிக்கலாக இருக்கிறது. புண்ணில் சிவப்பு தெரியாமல் தோல் மூடிய பிறகுதான் விட வேண்டும். சில நாள் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மேயவிட்டு, அப்புறம் இருட்டிய பின் அடையும் இடத்தில் மற்றவற்றின் நடுவே உட்கார வையுங்கள். காலையில் கதவைத் திறக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். துரத்திக் கொத்துகிற கோழியைப் பிடித்து இரண்டு நாள் தனியாக அடையுங்கள், அடிபட்டதை மறுபடி பிரிக்க வேண்டாம்.