32.5 சதவீதத்தோடு கோப்பை வென்ற அணி: பாக்ஸ் ஸ்கோர் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2010 ஜூன் 17, லாஸ் ஏஞ்சல்ஸ். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரில் ஏழாவது, கடைசி ஆட்டம். அதைப் பார்க்காத ஒருவரிடம் ஸ்கோரை மறைத்துவிட்டு இதை மட்டும் காட்டுங்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் 71 ஷாட் எடுத்து 29 போட்டது, 40.8 சதவீதம். லேக்கர்ஸ் 83 எடுத்து 27 போட்டது, 32.5 சதவீதம். தூரத்திலிருந்து போட்டு மூன்று புள்ளி பெறும் த்ரீ பாயிண்டரில் செல்டிக்ஸ் 16-க்கு 6, லேக்கர்ஸ் 20-க்கு 4. ஃபவுலுக்குப் பதிலாகக் கோட்டில் நின்று தடையின்றி எறியும், ஒரு புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோவில் செல்டிக்ஸ் 17-க்கு 15, லேக்கர்ஸ் 37-க்கு 25. மூன்று சதவீதத்திலும் செல்டிக்ஸ்தான் மேலே. யார் ஜெயித்தது என்று கேட்டால் யோசிக்காமல் செல்டிக்ஸ் என்பார்.

ஜெயித்தது லேக்கர்ஸ், 83-79.

பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஓர் ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை, படிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் எடுத்துப் போடுவது இந்த ஆட்டத்தைத்தான். நாம் வழக்கமாகச் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இது ஒன்றிலேயே மாட்டிக்கொள்ளும்.

சதவீதத்தைப் பார்த்தவுடன் முடிவுக்கு வருவதுதான் பெரிய தவறு. சதவீதம் ஒரு வாய்ப்பை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும், எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்று சொல்லாது. அன்று லேக்கர்ஸுக்கு 12 ஷாட்டும் 20 ஃப்ரீ த்ரோவும் கூடுதலாகக் கிடைத்தன. ஃப்ரீ த்ரோவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் செல்டிக்ஸ் 64, லேக்கர்ஸ் 58. ஆறு புள்ளி பின்தங்கிய அணி, கோட்டில் நின்று பத்துப் புள்ளி கூடுதலாக எடுத்து நாலு புள்ளியில் கோப்பையைத் தூக்கிவிட்டது.

சரி, அந்தக் கூடுதல் ஷாட் எங்கிருந்து வந்தது? இங்கேதான் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) மொத்தத்தைப் பார்த்து நகர்ந்துவிடும் பழக்கம் நம்மை ஏமாற்றும். மொத்தம் 53-40 என்று இருக்கும். பரவாயில்லை, கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். ஆனால் ரீபவுண்டில் இரண்டு சாதி உண்டு. எதிரணி விட்ட பந்தை நம் கூடையடியில் எடுப்பது ஒன்று. நாமே விட்ட பந்தை எதிரணியின் கூடையடியில் பறிப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் புது வாய்ப்பு. அதில் லேக்கர்ஸ் 23, செல்டிக்ஸ் 8. லேக்கர்ஸ் வீரர் பாவ் கசோல் எடுத்த 18 ரீபவுண்டில் சரிபாதி, அதாவது 9, இந்த வகை.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிறைய ஷாட் விட்டால்தான் பறிக்க நிறைய பந்து கிடைக்கும். எனவே 23 பெரிதா சிறிதா என்று தெரிய, அந்தக் கூடையடியில் மொத்தம் எத்தனை பந்து கைப்பற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். லேக்கர்ஸ் 23, செல்டிக்ஸ் 32, ஆக 55. அதில் 23 என்றால் 42 சதவீதம். மறுமுனையில் செல்டிக்ஸ் 38-க்கு 8, அதாவது 21 சதவீதம். நான்கில் ஒன்று கிடைத்தாலே வழக்கமான கணக்கு என்னும்போது, 42 கொள்ளைதான்.

அடுத்து லேக்கர்ஸின் நட்சத்திரம் கோபி பிரயன்ட். அந்த ஆட்டத்தில் ஷாட்டில் அவர் 24-க்கு 6. இன்றைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் 23 புள்ளி என்பதை மட்டும் பார்த்துப் புகழ்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே அரைப்படிப்பு. என்பிஏவில் ஃபவுல் வாங்கி விட்ட ஷாட் கணக்கிலேயே ஏறாது, அது ஃப்ரீ த்ரோவாக மாறிவிடும். கோபி அன்று 15 ஃப்ரீ த்ரோ எடுத்து 11 போட்டார். அதையும் சேர்த்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கி ஷாட் எண்ணிக்கையோடு கூட்டுங்கள். அதை இரட்டித்து, எடுத்த புள்ளியை அதால் வகுங்கள். (எல்லா ஃப்ரீ த்ரோவும் ஜோடியாக வருவதில்லை, அதனால்தான் பாதி இல்லாமல் 0.44.) கோபிக்கு வருவது சுமார் 38 சதவீதம். மோசம்தான், சப்பைக்கட்டு கட்ட முடியாது. அதே மனிதர் 2006 ஜனவரி 22 அன்று டொராண்டோவுக்கு எதிராக 81 புள்ளி எடுத்தபோது 46-க்கு 28, ஃப்ரீ த்ரோ 20-க்கு 18. அதே கணக்கில் 74 சதவீதம். கிரிக்கெட்டில் பந்தைப் பார்க்காமல் ரன்னை மட்டும் யாரும் பேசுவதில்லை, கூடைப்பந்தில் மட்டும் ஏனோ புள்ளியிலேயே நின்றுவிடுகிறோம்.

ஆனால் 6/24-ஐப் பார்த்து அவர் அணியைக் கெடுத்தார் என்று எழுதும்போது, பக்கத்துக் கட்டத்தில் 15 ரீபவுண்ட் இருப்பதையும் படிக்க வேண்டும். அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது.

பிளஸ்-மைனஸ் இன்னொரு வம்பு. ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எவ்வளவு முன்னேறியது என்பதுதான் அது. 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கிளீவ்லாண்ட் 93-89 என்று கோல்டன் ஸ்டேட்டை வென்றது. அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த பிளஸ்-மைனஸ் கெவின் லவ்வுடையது, +19. எடுத்த புள்ளி 9. தோற்ற பக்கத்தில் டிரேமண்ட் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவிய பாஸ்), ஷாட் 15-க்கு 11. லவ் 14 ரீபவுண்ட் எடுத்தார், நன்றாகவே ஆடினார், அதை மறுக்கவில்லை. ஆனால் கூட ஆடிய நாலு பேரும் எதிரே நின்ற ஐந்து பேரும் சேர்ந்துதான் அந்த +19. ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை வைத்து வீரர்களைத் தரவரிசைப்படுத்துவது வீண் வேலை.

சின்னத் தவறு ஒன்று, ஆனால் எங்கும் பார்க்கலாம். ஒரு வீரர் முதல் ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று, 100 சதவீதம் என்று வையுங்கள். அடுத்ததில் 16-க்கு 4, 25 சதவீதம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 62.5 என்பார்கள். உண்மையில் 17-க்கு 5, வெறும் 29.

பழைய ஆட்டங்களுக்குப் போனால் வெற்றுக் கட்டங்கள் வரும். என்பிஏ பிளாக்கையும் (எதிரணியின் ஷாட்டைத் தடுப்பது) ஸ்டீலையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில். த்ரீ பாயிண்டர் வந்தது 1979-80-ல். வில்ட் சேம்பர்லேன் 1962 மார்ச் 2 அன்று 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் அவருடைய பிளாக் எத்தனை என்ற இடம் காலி. காலி என்றால் பூஜ்யம் என்று வாசித்து, இன்றைய வீரரோடு வரிசையாக ஒப்பிட்டு அட்டவணை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பருவத்தில் அவர் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். 48 நிமிட ஆட்டத்தில்! கூடுதல் நேரத்தையும் விடவில்லை மனிதர். இன்று 34 நிமிடம் ஆடுபவரின் புள்ளிச் சராசரியை அதன் பக்கத்தில் வைக்கும்போது நிமிடத்தையும் எழுதுங்கள்.

அப்புறம், அட்டவணையில் வராத ஆள். 2010-க்கே திரும்புவோம். செல்டிக்ஸின் சென்டர் (கூடையடியைக் காக்கும் உயரமான வீரர்) கென்ட்ரிக் பெர்கின்ஸ் ஆறாவது ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஏழாவது ஆட்டத்தில் அவர் இடத்தில் ரஷீத் வாலஸ் தொடங்கினார். லேக்கர்ஸ் அன்று பறித்த அந்த 23 பந்துக்கும் கூடையடியில் பெர்கின்ஸ் இல்லாததற்கும் உள்ள தொடர்பை ஆட்டம் பார்த்த எல்லாரும் பேசினார்கள். பாக்ஸ் ஸ்கோரில் அவருக்கு ஒரு எண்ணும் இல்லை.