மற்றக் கட்சி வீட்டிலும் மற்ற இனத்து வீட்டிலும் வாக்குக் கேட்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் வாக்குக் கேட்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கட்சியானாலும் சரி. நான் யாருக்கு வேலை செய்கிறேன் என்பது ஊருக்கே தெரியும், அதை இங்கே மறுபடி சொல்ல வேண்டியதில்லை. நான் தையல் கடை வைத்திருப்பவள். சேலை ரவிக்கையும் பாஜு குரோங்கும் ஒரே மெஷினில்தான் தைக்கிறேன். அதனால் எல்லா இனத்துப் பெண்களோடும் எனக்குப் பேச்சு உண்டு. தேர்தல் வந்தால் கட்சி என்னைத் தேடி வருவதும் அதற்காகத்தான்.

நம் தொகுதியில் ஓர் இனத்தின் வாக்கை மட்டும் நம்பி யாரும் கரையேற முடியாது. தோட்டத்து லயன்களிலும் தாமான் வீடுகளிலும் நம்மவர்கள், கம்போங்குகளில் மலாய்க்காரர்கள், 1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில் உண்டான புதுக்கிராமங்களில் சீனர்கள், லாசா பக்கம் உள்ளே போனால் ஒராங் அஸ்லி பழங்குடியினர். இத்தனை பேர் இருந்தும், கட்சிச் சட்டை போட்ட பிள்ளைகள் பெரும்பாலும் தெரிந்த வீட்டிலேயே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க நான் எடுத்துக்கொள்ளும் ஆண்டு 2008. அந்த மார்ச் 8-ல் நம் பொதுத் தேர்தல். 1974-லிருந்து இந்தத் தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு தோற்றார், டாக்டர் ஜெயகுமார் வென்றார். அவர் சோசலிசக் கட்சிக்காரர், நின்றதோ கெஅடிலான் கட்சியின் சின்னத்தில். அதே சமயத்தில் அமெரிக்காவில் ஒபாமாவும் ஹிலரி கிளிண்டனும் ஜனநாயகக் கட்சிக்குள் மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே அதிபர் வேட்பாளரை முடிவு செய்ய ஒவ்வொரு மாநிலமாக மக்களே வாக்களிக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவரும் விரும்பிய பக்கம் போய் வாக்குப் போடலாம். சவுத் கரோலினாவில் வாக்காளர் இன்ன கட்சி என்ற பதிவே கிடையாது. அயோவாவில் அப்போது வாக்கெடுப்பு நடந்தது கட்சிக் கூட்டத்தில்; குடியரசுக் கட்சிக்காரர்கூட அன்றிரவே பதிவை மாற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார முடிந்தது. ஆக, உட்கட்சிப் போட்டியிலேயே மற்றக் கட்சிக்காரரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. போட்டியில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பதால் இனப் பேச்சும் கூடவே வந்தது. அங்கே நல்லதாக நடந்ததும் கெட்டதாக நடந்ததும் நமக்கு உதவும்.

மற்றக் கட்சிக்காரர் வீட்டில்

உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். பல வீடுகளில் இன்னும் அந்தக் கட்சியின் பழைய தலைவர் துன் சம்பந்தன் படமோ, சாமிவேலு பக்கத்தில் நின்று எடுத்த படமோ மாட்டியிருக்கும். அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசினாலும் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது. மாறாக, “பக்கத்தில் நிற்பது நீங்களா ஐயா?” என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். கேட்டுக்கொண்டே இருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் நேராகக் கேளுங்கள். “நீங்க கட்சி மாற வேண்டாம் ஐயா. உங்க உறுப்பினர் அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும். இந்த ஒரு தடவை எங்க ஆளையும் யோசிச்சுப் பாருங்க.” நான் கண்டவரையில் வயதானவர்களிடம் எடுபடுகிற பேச்சு இதுதான். முப்பது வருஷம் கொடி பிடித்த மனிதரிடம் “நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்” என்றால் அவர் வாழ்க்கையையே பொய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒபாமா தரப்பும் குடியரசுக் கட்சிக்காரரிடம் ஒரு நாளைக்கு மட்டும் ஜனநாயகக் கட்சிக்காரராக இருங்கள் என்றுதான் கேட்டது.

எதிர்த்தரப்புத் தலைவரைப் பாராட்டினால் நம் ஆட்களே கோபப்படுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2008 ஜனவரியில், குடியரசுக் கட்சியின் பழைய அதிபர் ரீகன் நாட்டின் போக்கையே மாற்றியவர் என்று ஒபாமா ஒரு பேட்டியில் சொன்னார். சில நாளில் மெர்டில் பீச் விவாத மேடையில் ஹிலரி அதையே எடுத்து அடித்தார். அதனால் வீட்டில் என்ன சொல்லப் போகிறோம் என்பதை முதலில் நம் பிலிக் கெராக்கானில் (தேர்தல் பணி அறையில்) சொல்லிவிட்டுப் போங்கள். உண்மையான பாராட்டு மட்டும் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பக்கத்திலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொள்பவர் எல்லோரும் நல்லெண்ணத்தோடு வருவதில்லை. அதே 2008-ல் ரஷ் லிம்பா என்ற வானொலிக்காரர், ஜனநாயகக் கட்சிச் சண்டை முடியாமல் இழுத்துக்கொண்டே போகட்டும் என்று, குடியரசுக் கட்சி நேயர்களைப் போய் ஹிலரிக்கு வாக்குப் போடச் சொன்னார். வருகிறவருக்கு நாற்காலி போடுங்கள், காப்பி கொடுங்கள். வாக்காளர் பட்டியலை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

எல்லா மொழியிலும் ஒரே பேச்சு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் கோயில் திடலில் சொல்வதை மலாயில் சூராவ் (தொழுகைக்கூடம்) வாசலில் சொல்ல முடியவில்லை என்றால், அதைத் தமிழிலும் சொல்லக் கூடாது.

2008 ஏப்ரல் 6-ல் சான் பிரான்சிஸ்கோவில், நன்கொடையாளர்கள் மட்டும் கூடிய இடத்தில், ஒபாமா பென்சில்வேனியாவின் சின்ன ஊர்களைப் பற்றிப் பேசினார். வேலை போய்க் கசந்து கிடக்கும் மக்கள் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஆதரவாளர் ஒருவரே அதைப் பதிவு செய்திருந்தார். ஐந்து நாளில் நாடு முழுக்கப் பரவியது. ஏப்ரல் 22-ல் பென்சில்வேனியாவில் ஹிலரி சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அந்தப் பேச்சுக்கு முன்னாலும் அங்கே ஹிலரிதான் முன்னணி. ஆனாலும் அந்த வார்த்தைகள் ஒபாமாவை விடாமல் துரத்தின. இன்று நம் செராமாவில் (அரசியல் கூட்டத்தில்) நாற்காலிக்கு ஒரு கைப்பேசி இருக்கிறது. தமிழ் தெரிந்த மலாய்க்காரரும் சீனரும் இந்த ஊரில் எத்தனை பேர் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் கடைக்கு நோன்புப் பெருநாளான ராயாவுக்கு முன்னால் துணி கொண்டுவரும் ஒரு மாக்சிக், மலாய்க்காரப் பெரியம்மா, இருக்கிறார். ஒரு தேர்தலில் அவர் வீட்டுக்குத் துண்டறிக்கையோடு போனேன். வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “உங்க ஆளு உங்க கூட்டத்தில் தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம்னு சொல்றாராம். இங்கே வந்தா சாலை, சூராவ்னு சொல்றார். ரெண்டுக்கும் காசு இருக்கா, இல்லே ஒண்ணு பொய்யா?” கேள்வி நியாயமானது. நான் பையிலிருந்து தமிழ்த் துண்டறிக்கையை எடுத்து, அதில் இருந்ததை வரி வரியாக மலாயில் படித்துக் காட்டினேன். பள்ளிக்குப் பின்னால் கால்வாய் கட்டுவது என்ற வரி வந்ததும் கீரையைக் கீழே வைத்தார். மழைக்காலத்தில் அந்தக் கால்வாய்த் தண்ணீர்தான் அவர் சமையலறைக்குள்ளும் வருகிறது. அதற்கப்புறம் தமிழ்ப்பள்ளி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. கால்வாய் எவ்வளவு ஆழம், யார் தூர் வாருவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து ஒரே தாளில் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் ஒரே வரிகளை அச்சடிக்கச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியும் மலாய் வரியில் இருக்கட்டும், சூராவும் தமிழ் வரியில் இருக்கட்டும். ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு இனத்தவர் இருவராவது சேர்ந்து போங்கள். ஓர் இனத்தவர் மட்டும் தனியாக நின்று பேசும்போதுதான் வாய் தவறுகிறது. பக்கத்தில் நம் தோழர் நின்றால் நாக்கு தானாக அடங்கும்.

இனப் பேச்சு வெடித்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாராவது ஒருவர் எதையாவது சொல்லித் தொலைப்பார். அமெரிக்காவில் பெரிய மனிதர்களே சொன்னார்கள். ஜனவரி 26-ல் சவுத் கரோலினாவில் ஒபாமா 55 சதவீதம் வாங்கி வென்றார். ஹிலரியின் கணவர் பில் கிளிண்டனோ, கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் 1984, 1988-ல் இங்கே வென்றவர்தான் என்றார். சொன்னது உண்மைதான். ஆனால் கறுப்பர் கறுப்பர் வாக்கில் ஜெயித்தார், அவ்வளவுதான் என்றே கேட்டவர்களுக்குப் பட்டது. வெள்ளையர் நிறைந்த அயோவாவில் அவர் வென்று மாதம்கூட ஆகவில்லை. நம் ஊரில் “இந்தியர் ஓட்டில் பிழைத்தான்”, “சீனர் ஓட்டில் வந்தவன்” என்று பேசுகிறோமே, அதுவும் இந்த வகைதான். வெற்றியானாலும் தோல்வியானாலும் இனத்தின் தலையில் கட்டாதீர்கள்.

மார்ச் 13-ல் ஒபாமாவின் சபைப் போதகர் ஜெரமையா ரைட்டின் பழைய கோபப் பிரசங்கங்கள் தொலைக்காட்சியில் வந்தன. ஐந்தாம் நாள், மார்ச் 18-ல், ஃபிலடெல்ஃபியாவில் ஒபாமா இனத்தைப் பற்றியே முழுதாக ஓர் உரை ஆற்றினார். நம் தேர்தல் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த உரையில் எனக்குப் பிடித்தது, போதகரின் சொற்களைக் கண்டித்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளாததுதான். கறுப்பர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னார். வேலையும் ஓய்வூதியமும் போன வெள்ளைத் தொழிலாளியின் கோபத்தையும் அதே மூச்சில் சொன்னார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டி, தெருவில் கறுப்பு ஆண்களைக் கண்டால் பயப்படுவதாகச் சொன்னதையும் மறைக்கவில்லை. இரண்டு பக்கத்துக் குறையையும் இரண்டு பக்கமும் கேட்கும்படி சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

நமக்கு ஐந்து நாள் அவகாசம் கிடையாது. எங்கள் மேடையில் ஒருவர் சீனர்களைக் கேலி செய்து பேசிய காணொளி ஓர் இரவுக்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. வேட்பாளர் மறுநாள் விடிந்ததும் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள சீனர் காப்பிக் கடைக்குப் போனார். கொடி இல்லை, புகைப்படக்காரர் இல்லை. மலாயில் மன்னிப்புக் கேட்டார். அன்று மாலை கோயில் திடலில் அதே வரிகளைத் தமிழில் சொன்னார். நம் கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள், அதையும் தாங்கிக்கொண்டார். கேலி பேசியவருக்கு அதன் பிறகு மைக் கொடுக்கவில்லை. இதே முறையைப் பின்பற்றுங்கள்: புண்பட்டவரிடம் முதலில், நம்மவரிடம் அதே சொற்களில், தவறு செய்தவருக்கு மேடை இல்லை. ஹிலரியின் நிதிக்குழுவில் இருந்த ஜெரால்டின் ஃபெராரோ, ஒபாமா வெள்ளையராக இருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பை விட்டு விலகினார். ரைட் ஏப்ரல் கடைசியில் மறுபடி பேசியபோது ஒபாமாவும் மறுநாளே உறவை அறுத்துக்கொண்டார்.

“இனம் பற்றிப் பேச வேண்டாம், வளர்ச்சியைப் பேசுவோம்” என்று நழுவாதீர்கள். குறை உள்ளவனுக்கு அது வாயை மூடு என்றுதான் கேட்கும்.

காதோடு காதாக வருவது

2000-ல் குடியரசுக் கட்சிப் போட்டியில் மெக்கேன் நியூ ஹாம்ப்ஷயரில் பெரிய வெற்றி பெற்று சவுத் கரோலினாவுக்கு வந்தார். அவருக்குக் கறுப்பினப் பெண்ணிடம் பிறந்த குழந்தை இருக்கிறது என்று அங்கே வதந்தி கிளப்பினார்கள். அது அவர் வங்காளதேசத்திலிருந்து தத்தெடுத்து வளர்த்த மகள். மெக்கேன் அங்கே புஷ்ஷிடம் தோற்றார்.

நம் ஊரில் வருவது “மதம் மாறிவிட்டாராம்”, “கோயிலை இடிக்கக் கையெழுத்துப் போட்டாராம்” என்ற வகை. முதலில் யாரிடம் கேட்டீர்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். பொய்யைத் திரும்பச் சொல்லி மறுக்காமல், உண்மையை மட்டும் சொல்லுங்கள். மறுக்கும்போது இன்னொரு மதத்தை மட்டம் தட்டாதீர்கள். 2008 அக்டோபரில் ஒரு பெண்மணி ஒபாமாவை அரபு என்றபோது, அப்போது ஒபாமாவை எதிர்த்து நின்ற மெக்கேன் மைக்கை வாங்கி, இல்லை, அவர் நல்ல குடும்பஸ்தர் என்றார். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அரபுக்காரர் நல்ல குடும்பஸ்தராக இருக்க முடியாதா என்ற கேள்வி நின்றுவிட்டது. சில நாள் கழித்து, குடியரசுக் கட்சிக்காரரான காலின் பாவெல் ஒபாமாவை ஆதரித்தபோது அதற்குப் பதில் சொன்னார்: அவர் முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர்தான், ஆனால் முஸ்லிமாக இருந்தால்தான் என்ன தப்பு? அந்த இரண்டாவது பாதியைக் கற்றுக்கொள்ளுங்கள். வேட்பாளரின் மருமகள் மலாய்க்காரி என்று யாராவது கிசுகிசுத்தால், “ஆமாவா இல்லையா” என்று விளக்க ஆரம்பிக்காதீர்கள். “இருந்தால்தான் என்னங்க?” என்று கேளுங்கள்.

இனி நேரம், காலம். தோட்டத்தில் பால்மரமும் செம்பனையும் பார்ப்பவர்கள் விடியலில் போய் மத்தியானம் திரும்புவார்கள், தூங்க விட்டு மாலையில் போங்கள். கம்போங்கில் வெள்ளிக்கிழமை நண்பகலும் மக்ரிப் என்ற அந்திநேரத் தொழுகை நேரமும் வேண்டாம். ஒராங் அஸ்லி கிராமத்தில் முதலில் ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து அனுமதி கேளுங்கள். இப்போது 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர்கள், ஆகவே அப்பாவிடம் பேசிவிட்டுப் பிள்ளையைத் தாண்டி வராதீர்கள். வாக்களிப்பு நாளன்று பிரச்சாரம் கூடாது. இனப்பகையைத் தூண்டுவது 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி குற்றம், நம் ஆளே தூண்டினாலும் குற்றம்தான்.

முடிவு வந்த பிறகும் வேலை உண்டு. ஹிலரி ஜூன் 7-ல் போட்டியை நிறுத்தி ஒபாமாவை ஆதரித்தார். ஜூன் 27-ல் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த ஊரில் இருவருக்கும் விழுந்தது தலா 107 வாக்கு. நீங்களும் அந்த வாரத்திலேயே நமக்கு வாக்குப் போட மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன வீடுகளுக்கு முதலில் போங்கள். அவர்கள் வேலியில் கட்டிய நம் கொடியையும் கம்பியையும் நாமே அவிழ்த்து எடுத்துக்கொண்டு, ஆணி அடித்த இடம் இருந்தால் சரி செய்து கொடுத்துவிட்டு, கால்வாய் விஷயமாக மாவட்ட அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் அவர்களிடமும் கையெழுத்துக் கேளுங்கள்.