காற்று நேரம் தவறாத ஏரியில் நாம் செய்யும் தவறுகள்

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் கார்டா ஏரிக்கரை மக்களும் அப்படித்தான். அவர்களுடைய வாடைக்குப் பெயர் பெலேர். விடியலுக்கு வெகுமுன்பே மலைகளிலிருந்து இறங்கத் தொடங்கி, காலை 10, 11 மணிவரை வீசும். அவர்களுடைய தென்றலுக்குப் பெயர் ஓரா. நண்பகலை ஒட்டித் தொடங்கி மாலைவரை வீசும். ஆனால் தென்றல் என்றதும் நம் மனத்தில் எழும் மென்மை ஓராவிடம் கிடையாது. நல்ல வெயில் நாளில் ஏரியின் வட முனையில் அது 15 முதல் 20 நாட் வேகத்தில் வரும். மணிக்கு ஏறத்தாழ 28 முதல் 37 கிலோமீட்டர்.

இந்த ஒழுங்கை நம்பித்தான் கோடையில் விண்ட்சர்ஃபிங் செய்பவர்களும் விங் ஃபாயில் ஓட்டுபவர்களும் டோர்போலே, ரீவா, மால்செசினே ஆகிய கரையோர ஊர்களில் குவிகிறார்கள். விண்ட்சர்ஃபிங்கில் பாய் பலகையோடு பொருத்தப்பட்டிருக்கும். விங் ஃபாயிலில் காற்றடைத்த இறக்கையைக் கையில் பிடித்திருப்போம். பலகைக்கு அடியில் ஒரு தண்டும் அதன் முனையில் சிறகும் இருக்கும். வேகம் கூடியதும் அந்தச் சிறகு பலகையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும். சுவிட்சர்லாந்திலும் தெற்கு ஜெர்மனியிலும் வாழும் தமிழர்களுக்கு இந்த ஏரி ஒரே நாளில் காரில் போய்ச் சேரும் தூரம்தான்.

கார்டாவில் நான் பார்த்த சங்கடங்கள் பலவும் பலகையில் நிற்கத் தெரியாததால் வந்தவை அல்ல. காற்று எப்போது நிற்கும், நிற்கும்போது நான் எங்கே இருப்பேன் என்ற கேள்வியைக் கேட்காமல் தண்ணீரில் இறங்கியதால் வந்தவை. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

காற்றின் கடைசி மணி நேரத்தில் இறங்குவது

ஒரு ஜூலை மாதக் காலை. பெலேர் டோர்போலேயைவிடத் தெற்கே மால்செசினே பக்கம்தான் பலமாக வீசும் என்பதால் அங்கே போயிருந்தேன். இறக்கைக்குக் காற்றடித்து முடிக்கும்போது மணி ஒன்பதரை. கரையில் அனுபவசாலிகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அது ஓர் எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. இடம் காலியாகிறது என்றுதான் நினைத்தேன். நேரே ஏரியின் நடுப்பகுதிக்குப் பறந்தேன். பத்தரை மணிக்குச் சற்று முன்பு, காற்று விசிறியை அணைத்ததுபோல் நின்றது. பலகை சொத்தென்று நீரில் அமர்ந்தது. கையிலிருந்த இறக்கை முன்முனை தொங்கித் தண்ணீரில் விழுந்தது. மால்செசினேயிலிருந்து எதிர்க்கரையின் லிமோனேவுக்குப் பயணிகள் படகு இருபது நிமிடத்தில் போய்விடும். கையால் துழாவும் ஆளுக்கு அதில் பாதி தூரமே ஒன்றரை மணி நேரம். இடையில் அந்தப் படகு ஹாரன் அடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தபோது, விலகிக்கொள்ள என்னிடம் இரண்டு கைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

விண்ட்சர்ஃபிங் பலகை அகலமானது, மிதக்கும், அதன்மேல் படுத்துக்கொண்டு துழாவலாம். விங் ஃபாயில் பலகை குட்டையானது. அடியில் முக்கால் மீட்டர், சில சமயம் அதற்கும் மேல், தண்டு இறங்கியிருக்கும். அது ஒவ்வொரு துழாவலையும் இழுத்துப் பிடிக்கும். எனவே காற்று நின்றால் விங் ஓட்டுபவருக்குத்தான் சிரமம் அதிகம். பெலேரில் ஓட்ட வேண்டுமானால் இருட்டோடு எழுந்து, ஏழு மணிக்குத் தண்ணீரில் இருந்து, ஒன்பதரைக்குள் கரைக்கு அருகே வந்துவிட வேண்டும்.

மாலையிலும் இதே கதை. ஓரா மெல்ல மெல்லத்தான் இளைக்கும். அந்த நேரத்தில் 'இன்னும் ஒரு சுற்று' என்ற ஆசையோடு தெற்கே ஏறிப் போகாதீர்கள். கடைசிச் சுற்றுகளைப் புறப்பட்ட இடத்தைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுவாக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காதது

ஏதாவது உடைந்தால் காற்று உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் எது? இறங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கார்டாவின் நீளம் 50 கிலோமீட்டருக்கு மேல், பரப்பு சுமார் 370 சதுர கிலோமீட்டர். தெற்கே சமவெளியில் அகன்று கிடக்கும் ஏரி, வடக்கே போகப் போக மலைகளுக்கு நடுவே ஒடுங்கிவிடும். கிழக்கே 2,218 மீட்டர் உயர மோந்தே பால்தோ மலை. மேற்கே நீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறைச் சுவர். அந்தச் சுவரைக் குடைந்து ரீவாவுக்கும் கார்ஞானோவுக்கும் இடையே சாலை போட்டது 1931இல்தான்; அதற்கு முன் லிமோனே போன்ற ஊருக்குப் போக ஏரி வழியோ மலைப்பாதையோதான் உண்டு. ரீவாவுக்கும் லிமோனேவுக்கும் இடையே ஒதுங்கினால் காலூன்ற இடம் கிடைப்பது அரிது. பாறையில் மோதித் திரும்பும் அலைதான் கிடைக்கும்.

ஓரா தெற்கிலிருந்து வருவதால், டோர்போலேயில் இறங்குபவரை அது மீண்டும் வட கரைக்கே தள்ளும். அந்த வகையில் அது பாதுகாப்பான காற்று. பெலேர் நேர்மாறு. வட கரையிலிருந்து இறங்கினால் நடு ஏரிக்கும் தெற்குக்கும் இழுத்துச் செல்லும். ஒரே கரை, ஒரே பலகை, ஆனால் காலைக்கும் மாலைக்கும் ஆபத்து இடம் மாறிவிடுகிறது.

நம்பிக்கை வரும்வரை ஏரியைக் குறுக்கே கடக்க வேண்டாம். வடகோடி ட்ரெந்தினோ பகுதியில் தனியார் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. நீர் தெளிவாகவும் அமைதியாகவும் இருப்பதற்கு அது ஒரு காரணம். தற்செயலாக வரும் ஒரு படகு உங்களை ஏற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாததற்கும் அதுவே காரணம்.

செல்பேசியின் முன்னறிவிப்பை அப்படியே நம்புவது

ஓரா ஏன் வருகிறது என்று தெரிந்தால் அது வராத நாளையும் கணிக்கலாம். காலை வெயிலில் மலைச்சரிவுகளும் ஏரிக்கு வடக்கே உள்ள சார்க்கா பள்ளத்தாக்கும் சூடேறுகின்றன. சூடான காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பச் சமவெளியின் காற்று ஏரி வழியாக வடக்கே இழுக்கப்படுகிறது. ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடுகிறது. நம் கடற்கரைகளில் மதியத்துக்குப் பின் வரும் கடற்காற்றின் அதே கணக்குதான், மலைச்சுவர்களுக்கு நடுவே நடக்கிறது.

உலகம் முழுவதற்கும் கணிக்கும் செயலிகளின் கட்டங்கள் இந்தக் குறுகிய பள்ளத்தாக்கைவிடப் பெரியவை. அதனால் 5 நாட் என்று அவை காட்டும் நாளில் 18 நாட் வீசும். அதைப் பார்த்துப் பெரிய இறக்கையோடு இறங்கியவர் திண்டாடுவார். மாறாக, மேகம் மூடிய நாளில் நேரம் வந்தும் காற்று வராது. வானத்தைப் பாருங்கள். இரவு தெளிவாக இருந்து, காலையில் பெலேர் ஒழுங்காக வீசி, பகலில் வெயில் கொளுத்தினால் ஓராவுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆல்ப்ஸுக்கு வடக்கே காற்றழுத்தம் கூடி, தெற்கே குறைந்திருந்தால், மலையைத் தாண்டி இறங்கும் வடகாற்று ஓராவை எழவே விடாது.

ஓரா வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடிபோல் கிடக்கும் நீரில், தெற்கே தொலைவில் ஒரு கருநீலக் கோடு தோன்றும். அது அகன்று, நெருங்கி, கரையை எட்டும்போது கொடிகள் படபடக்கும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகே எந்த அளவு இறக்கை என்று முடிவு செய்தால் போதும். 75 கிலோ எடையுள்ளவருக்கு 5 சதுர மீட்டர் பல நாள்களில் பொருந்தும். புதிதாகக் கற்பவர் ஓரா முழு பலத்தில் வீசும் பிற்பகலைத் தவிர்த்து, அது மெல்லத் தொடங்கும் நேரத்தில், பயிற்சிப் பள்ளியின் பார்வையில் இறங்குவது நல்லது.

இடியை மட்டும் எந்தக் கணக்கோடும் சேர்க்காதீர்கள். புழுக்கமான கோடைப் பிற்பகலில், ஓரா காரணமின்றித் தடுமாறி மலைக்குப் பின்னால் வானம் கறுத்தால், அடுத்து எதிர்த்திசையிலிருந்து சூறைக்காற்று பாய்ந்து வரலாம். மின்னல் வெட்டும் வானத்தின் கீழ், திறந்த நீரில், நான்கு மீட்டருக்கு மேற்பட்ட கார்பன் கம்பத்தைப் பிடித்தபடி யாரும் இருக்கக்கூடாது. முதல் முழக்கம் கேட்கும்வரை காத்திருக்காமல் கரை ஏறிவிடுங்கள். சுவிஸ் ஏரிகளிலும் ஜெர்மன் எல்லையில் உள்ள போடன்சே (கான்ஸ்டன்ஸ்) ஏரியிலும் கரையோரத்தில் எச்சரிக்கை விளக்குகள் உண்டு. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும். 90 முறை மின்னினால் புயல்காற்று, உடனே வெளியேற வேண்டும். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கரையில் வெயில், ஆனால் நீர் குளிர்

30 பாகை வெயிலில் கரையில் நிற்பவருக்கு ரப்பர் உடை அணிய மனம் வராது. அரைக்கால் சட்டையோடு இறங்கிவிடுகிறார்கள். கார்டாவின் ஆழம் 346 மீட்டர்வரை போகிறது. வட பகுதியில் நடுக்கோடையிலும் நீர் சுமார் 20 பாகைதான். வடகாற்று சில நாள் தொடர்ந்து அடித்தால் மேல்நீர் தெற்கே தள்ளப்பட்டு, கீழிருந்து குளிர்நீர் மேலே வரும். அப்போது நீரின் வெப்பநிலை அதற்கும் கீழே இறங்கும். நனைந்த உடம்பில் காற்று பட்டபடி ஒரு மணி நேரம் பலகையில் உட்கார நேர்ந்தால், முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு இறக்கையை உடம்போடு பிணைக்கும் லீஷ் கயிற்றின் பட்டையைக்கூடப் பிரிக்க வராது. மூன்று மில்லிமீட்டர் உடை தேவையே இல்லாமல் போகும் நாள்கள் உண்டு. தேவைப்படும் நாளில் அது கரையில் இருந்து பயனில்லை.

லீஷ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இறக்கையின் கயிற்றை மணிக்கட்டில் அல்லது இடுப்பில் கட்டும் ஒட்டுப்பட்டை மணலும் வெயிலும் பட்டுப் பிடிப்பை இழந்துவிடும். கடையில் வாங்கியபோது கரகரவென்று சத்தமிட்ட பட்டை, இரண்டு கோடை கழித்துச் சத்தமே இல்லாமல் பிரியும். அந்தச் சத்தம் போய்விட்டால் மாற்றிவிடுங்கள். கையைவிட்டுப் பறந்த இறக்கையை நீந்திப் பிடிக்க யாராலும் முடியாது. அது போனாலும் பலகையை மட்டும் விடாதீர்கள்.

காற்று குறைந்ததும் இறக்கையின் காற்றைப் பிடுங்கிவிடுவதும் அவசரத் தவறு. காற்றடைத்த இறக்கை மிதக்கும், தொலைவிலிருந்து தெரியும், சிறு காற்று வந்தாலும் இழுக்கும். பலகையில் மண்டியிட்டு அதைப் பிடித்தபடி நகரப் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால்தான் சுருட்டிக் கட்டி, அதன்மேல் படுத்துத் துழாவ வேண்டும். இதை ஒருமுறை கரையோரத்தில் பழகிப் பாருங்கள். உதவி தேவை என்றால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவது உலகெங்கும் புரியும் சைகை. நீர் புகாத பையில் செல்பேசி உடம்போடு இருந்தால் 112ஐ அழைக்கலாம். கறுப்பு உடைக்கு மேல் ஆரஞ்சு அல்லது மஞ்சள் மேற்சட்டை போடுவது எத்தனை உதவி என்பது, தேடும் கண்களோடு கரையில் நின்றவருக்குத்தான் தெரியும்.

நெரிசலும் பாறையும்

பிற்பகல் மூன்று மணிக்கு டோர்போலேயின் முன்னால் நீரில் பாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். எதிரெதிரே வரும்போது வலது கை முன்னால் இருப்பவருக்கு வழி. ஒரே பக்கம் போகும்போது காற்று வரும் பக்கம் இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும். பயணிகள் படகுக்கு எப்போதும் வழிவிட வேண்டும். ஃபாயில் சத்தமில்லாமல் வரும் என்பதால், திரும்புவதற்கு முன் தோளுக்குப் பின்னால் பார்க்காதவர் மற்றவருக்கும் ஆபத்து. தலைக்கவசம் எனக்குப் பேச்சுக்கே இடமில்லாத பொருள். விழும்போது சிறகின் விளிம்பு எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இடுப்பளவு நீரைத் தாண்டாமல் ஃபாயிலில் ஏற முயல்வதும் அடிக்கடி நடக்கிறது. கார்டாவின் நீர்மட்டம் தெற்கே மிஞ்சோ ஆற்றில் உள்ள சலியோன்சே அணையால் கட்டுப்படுத்தப்படுகிறது. கோடையில் வயல்களுக்கு நீர் திறக்கத் திறக்க ஏரி தாழும். ஜூனில் தடையின்றிக் கடந்த இடத்தில் ஆகஸ்டில் பாறை முட்டும். வறட்சி வாட்டிய 2022 கோடையில் இது இன்னும் மோசமாக இருந்தது. சென்ற ஆண்டு பழகிய இடம் என்றாலும் முதலில் காலால் நடந்து பாருங்கள்.

கடலில் பழகியவர் பலகையின் கொள்ளளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். நன்னீர் உப்புநீரைவிடக் குறைவாகவே தாங்கும். 100 லிட்டர் பலகைக்கு வித்தியாசம் இரண்டரை கிலோ. சுவிட்சர்லாந்தின் சில்வாப்ளானா ஏரிக்குப் போவதானால் பாயின் அளவையும் கூட்ட வேண்டும். அது 1,791 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்று அதே அளவுக்கு இழுக்காது.

ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போகும்போது ஈரப் பலகையை அப்படியே காரில் ஏற்றாதீர்கள். போடன்சேயில் 2016இல் முதன்முறை காணப்பட்ட குவாகா சிப்பி, சில ஆண்டுகளில் குடிநீர்க் குழாய்களின் வாயை அடைக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. உடையின் மடிப்பிலும் பலகையின் இடுக்கிலும் தேங்கிய ஒரு கை நீரில் பயணம் செய்யும். எல்லாவற்றையும் கழுவி, தண்டைக் கழற்றித் திருகுகளின் பள்ளத்தைத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த ஏரியில் இறக்குங்கள்.