ஊர்ப் பயணத்தில் இரண்டே பேராய் இரண்டு நாள்

மூன்று வார லீவில் ஊருக்கு வந்தால், முதல் நான்கு நாள் விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பதில் போய்விடும். கடைசி நான்கு நாள் பெட்டியைத் தராசில் ஏற்றி, மிளகாய்த்தூளை வெளியே எடுப்பதும் மறுபடி உள்ளே திணிப்பதுமாகப் போகும். நடுவில் மிஞ்சும் நாட்களில் விருந்துக்கு எட்டு வீடு, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வம் கோவிலுக்கு ஒரு நடை. பதினேழு வருடமாக இப்படித்தான் வந்து போனோம். போன ஆகஸ்டில் இங்கிலாந்தில், லெஸ்டரில் விமானம் பதிவு செய்யும்போதே இவரிடம் சொல்லிவிட்டேன்: "இந்தத் தடவை நமக்குன்னு ரெண்டு நாள் வேணுங்க. பசங்களும் வேண்டாம், பெரியவங்களும் வேண்டாம்." எங்கே போகலாம் என்றதற்கு, சின்ன வயதில் அப்பா கூட்டிப் போகாமலே விட்ட தீம் பார்க்குக்குப் போய் அங்கேயே தங்கலாம் என்றார். சரி என்றேன்.

எந்தப் பூங்கா என்று சொல்லப் போவதில்லை. கோவையிலிருந்து காரில் எட்டிவிடும் தூரத்தில், தமிழ்நாட்டுப் பக்கமும் பாலக்காடு, சாலக்குடிப் பக்கமும் இப்படிப் பல இருக்கின்றன. அதில் ஒன்று. அங்கே நாங்கள் பட்டதையும் ரசித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் வீட்டிலேயே தொடங்கும். "ரெண்டு பேர் மட்டும் போறீங்களா?" என்று ஒரு கேள்வி வரும். கேட்டவர் அதற்குள் வேன் பிடிக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்திருப்பார். நான் கண்ட வழி இதுதான். முதல் வாரத்திலேயே எல்லோரையும் ஒரு நாள் எங்காவது கூட்டிப் போய்விடுங்கள். அத்தை, மாமா, கொழுந்தனார் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெண் உட்பட. அந்தக் கடன் தீர்ந்த பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த பிறகு வீட்டில் சொல்லுங்கள். பணம் கட்டியாகிவிட்டது என்றால் நம் ஆட்கள் அதற்கு மேல் பேச மாட்டார்கள். இன்னொன்று, உறவுக்காரர் வீடு இருக்கிற ஊரில் அறை போடாதீர்கள். "வீடு இருக்க ஓட்டல்ல தங்குனாங்களாமா" என்ற பேச்சு அடுத்த பயணம் வரைக்கும் ஓடும்.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி வாரம் அரையாண்டு விடுமுறை, ஜனவரியில் பொங்கல். இந்த நாட்களில் போனால் வரிசையில் நின்ற நினைவுதான் மிஞ்சும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்குத் தோதான ஜூலை, ஆகஸ்டில் இங்கே பள்ளிகள் நடக்கும், அது நமக்கு லாபம். ஆகஸ்ட் 15-ஐயும் அதை ஒட்டிய சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். ஆனால் கேரளப் பக்கம் அப்போது தென்மேற்குப் பருவமழை. சென்னைக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. டிசம்பரில் வருபவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம் இரண்டும் நம் தலைமுறைக்குத் தெரிந்தவை. அசையாமல் நின்ற விஜிபி சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்ற கதை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா 2025 டிசம்பரில் வந்தது. வி-கார்டு நிறுவனத்தின் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சியில் வீகாலாண்ட் என்று தொடங்கியதுதான் பிறகு வொண்டர்லா ஆனது. பெங்களூருவில் மைசூர் சாலையில் பிடதி அருகே இருப்பது 2005-ஐச் சேர்ந்தது, அங்கே தங்கும் விடுதியும் கூடவே உண்டு. மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், அங்கேயும் அறைகள் உண்டு. தம்பதியாகப் போகிறவர்களுக்கு, பூங்காவும் அறையும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் வசதி. மதியம் இரண்டு மணிக்கு அறைக்கு வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு நான்கு மணிக்கு மறுபடி தண்ணீரில் இறங்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பணம் கட்டுவதற்கு வருவோம். வெளிநாட்டு வங்கி அட்டையில் இணையத்தில் கட்டினால் ஓடிபி அந்த நாட்டு எண்ணுக்குத்தான் போகும். அந்தச் சிம்மைக் கழற்றி எங்கே வைத்தோம் என்று அப்போதுதான் தேடுவோம். வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் தொடங்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற சில நாட்டு எண்களிலேயே யுபிஐ கிடைக்கிறது. அதைக் கிளம்பும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. கொழுந்தனார்தான் ஜிபேயில் கட்டினார், அறையும் அவர் பெயரில் பதிவாகிவிட்டது. வரவேற்பில் இருந்த பையன் எங்கள் கடவுச்சீட்டையும் திரையில் இருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிந்தாக வேண்டும். அவனுக்கு அது முதல் தடவை போல. மேலாளரைக் கூப்பிட்டு, ஓசிஐ அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) நகல் எடுத்து, நகல் கறுப்பாக விழுந்து, மறுபடி எடுத்து, சாவி கைக்கு வர முக்கால் மணி நேரம். கடவுச்சீட்டு, ஓசிஐ அட்டை அல்லது விசா, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அறை தங்குபவர் பெயரிலேயே இருக்கட்டும். அறை வாடகைக்கு ஜிஎஸ்டி தனி: ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18. இணையத்தில் பார்க்கும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தால் கட்டில் மேல் ரோஜா இதழில் பெரிய இதயம். துண்டில் மடித்த இரண்டு அன்னம். கொழுந்தனார் 'கப்பிள் பேக்கேஜ்' என்று இருந்ததைச் சொடுக்கியிருக்கிறார். "பதினேழு வருசம் கழிச்சு நமக்கு எதுக்குங்க இது?" என்று சிரித்துக்கொண்டே உட்காரப் போனேன், இதயத்தின் ஓரமாக எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. விரிப்பை மாற்றிக் கொடுத்தார்கள். வெள்ளை விரிப்பில் இதழ்ச் சாயம் ஒட்டியதற்கு யாரும் காசு கேட்கவில்லை. வேண்டாம் என்றால் பதிவின்போதே அலங்காரம் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

இனி உடை. பெண்களுக்கு இதுதான் முக்கியம். தண்ணீரில் இறங்க நைலான் அல்லது லைக்ரா துணிதான் வேண்டும். புடவை, சுடிதார், பருத்திச் சட்டை, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. நுழைவாயிலில் வாடகைக்கும் விலைக்கும் காஸ்ட்யூம் வைத்திருப்பார்கள், அளவுதான் கிடைக்காது. நாம் இருக்கும் ஊரில் போடும் நீச்சலுடை செல்லும், ஆனால் எல்லோரும் முழங்கால் வரை மூடிய உடையில் இருக்க நாம் மட்டும் அப்படி நின்றால் கூச்சமாக இருக்கும். முழுக்கை மேல்சட்டையும் முழங்காலுக்குக் கீழ் வரும் லெக்கிங்ஸும் எடுத்துப் போங்கள், வெயிலுக்கும் அதுதான் நல்லது. நகை வேண்டவே வேண்டாம். கிளம்பும் அன்று காலை அத்தை என் தாலிக்கொடியை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, புது மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். சறுக்கில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணைப் பணியாளர், "செயினைக் கழட்டுங்க இல்லன்னா ஏற முடியாது" என்று திருப்பி அனுப்பியபோதுதான் அத்தையின் யோசனை எனக்கு விளங்கியது. ரப்பர் செருப்பும் கட்டாயம். மதியம் ஒரு மணிக்கு ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் சிமெண்டுத் தரை தோசைக்கல்தான். இவர் வெறுங்காலில் குதித்துக் குதித்து ஓடியதை நான் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

அதே அத்தை ஒரு தூக்குப்போசி நிறையப் புளிச்சோறும், எண்ணெய் விட்ட உருளைக்கிழங்கு வறுவலும், ஒரு பொட்டலம் முறுக்கும் கொடுத்து விட்டிருந்தார். வாசலில் பையைப் பிரித்த காவலாளி தூக்குப்போசியைத் தூக்கிப் பார்த்து, "வெளிச் சாப்பாடு உள்ள விடறதில்லீங்க அக்கா" என்றார். கொட்ட மனம் வரவில்லை. திரும்பி கார் நிறுத்தும் இடத்துக்கே போய், புளியமரத்தடியில் டிரைவர் தம்பியையும் உட்கார வைத்து, காலை பத்தரைக்கு மூன்று பேரும் புளிச்சோறு தின்றோம். அந்த இரண்டு நாளில் சாப்பிட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. உள்ளே பஃபேயில் கோபி மஞ்சூரியனும் ஆறிப்போன நூடுல்ஸும் இருக்கும். வந்த புதிதில் வயிறு ஒத்துழைக்காதவர்கள் தயிர்ச்சோறும் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டிலும் போதும் என்று இருந்துவிடுங்கள்.

நாங்கள் போனது ஞாயிறு. அதுதான் எங்கள் பெரிய தவறு. ஏதோ பனியன் கம்பெனி டூர் என்று ஆறு பேருந்து வந்து நின்றது. பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஐம்பது நிமிட வரிசை. மழை நடனம் ஆடும் இடத்து ஸ்பீக்கர் எங்கள் அறைச் சன்னலைப் பார்த்தே இருந்தது, இரவு ஒன்பதரை வரைக்கும் குத்துப் பாட்டு. அறை கேட்கும்போது குளம் தெரியும் அறை என்று ஆசைப்படாதீர்கள், தோட்டப் பக்கம் கேளுங்கள். "நம்ம வீட்டுக் கல்யாணத்துல இதவிட அமைதியா இருக்கும்" என்று இவர் முணுமுணுத்தார். அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. யார் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

திங்கட்கிழமை அதே இடம் வேறு மாதிரி இருந்தது. பேருந்துகள் போய்விட்டன. ஆனால் ஆளே இல்லாவிட்டால் வேறு ஒரு தொல்லை: பல ரைடுகளைக் குறைந்தது இத்தனை பேர் என்று சேர்ந்தால்தான் ஓட்டுகிறார்கள். கோஸ்டரில் நாங்கள் இருவர் மட்டும் கம்பியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "இன்னும் ஆறு பேர் வரட்டும் சார்" என்றார் இயக்குபவர். இவர் பொறுக்க முடியாமல் இறங்கிப் போய், நிழலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த புதுக் கல்யாண ஜோடி ஒன்றையும், நான்கு கல்லூரிப் பையன்களையும் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்தார். தலைகீழாகச் சுற்றும்போது பின்னால் இருந்த பையன் "அண்ணா, காப்பாத்துங்கண்ணா!" என்று கத்தினான். இறங்கியதும் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டவனும் அவன்தான். அதற்குப் பிறகு மதியம் வரை எங்கள் எட்டுப் பேர் கோஷ்டி ஒன்றாகவே சுற்றியது. தனியாக இருக்க வந்தவர்கள் நாங்கள்!

கூட்டமான நாளில் மாட்டிக்கொண்டால் காலையில் தரை ரைடுகளை முடித்துவிடுங்கள், எல்லோரும் முதலில் தண்ணீருக்குத்தான் ஓடுவார்கள். சில இடங்களில் தண்ணீர் விளையாட்டுகளே மதியத்தை ஒட்டித்தான் திறக்கும். அலைக்குளத்தில் அலை எப்போதும் வராது, மணியடித்து அறிவித்துவிட்டுச் சற்று நேரம் விடுவார்கள். அந்த நேரத்தை உள்ளே நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். இவர் படிக்காமல் உயரச் சறுக்கில் போய், ஊர் திரும்பும் வரை அயோடெக்ஸ் மணத்தோடு இருந்தார். லாக்கரில் கடவுச்சீட்டை வைக்காதீர்கள், அது அறையிலேயே இருக்கட்டும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் ஊட்டி மலை ரயில் இருக்கிறது. 46 கிலோமீட்டர், குன்னூர் வரை நீராவி எஞ்சின் பல் சக்கரம் பிடித்து ஏறும். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், அன்றே பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் நின்றுபோவதும் உண்டு. காரில் போவதென்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பதியலாம். அரசுப் பேருந்தில் போனால் அது தேவையில்லை.

காரை இரண்டு நாளைக்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். வெளியூர் வாடகையில் ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு இருக்கும், பெரும்பாலும் 250 அல்லது 300. சும்மா நின்றாலும் அது ஓடிவிடும். டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம், பார்க்கிங் தனி. டிரைவருக்கு விடுதியில் படுக்க இடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தம்பி முதல் நாள் இரவு காரிலேயே கொசுக்கடியில் படுத்திருந்தது காலையில்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் மாலை கிளம்பும்போது, காயாத எங்கள் உடைகளைப் பிளாஸ்டிக் பையில் திணிக்கப் பார்த்தேன். "நாறிப் போயிருமுங்க அக்கா, குடுங்க" என்று வாங்கி, பின்சீட்டுக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். அவிநாசி வருவதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டது.