சிமெண்டு பூசிய பழைய கடைவீட்டுச் சுவரைச் சுண்ணாம்புக்கு மீட்பது

பினாங்கு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருப் பக்கம் பழைய கடைவீடு ஒன்றைக் குடியிருப்பாக மாற்றுகிறீர்களா? கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரம்வரை பெயிண்ட் உப்பி உதிர்ந்தால், முன்பு யாரோ அங்கே சிமெண்டு பூசியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். சிமெண்டு அதை அடைக்கிறது. ஓதம் இன்னும் மேலே ஏறும், உள்ளே உப்பு பூத்துச் செங்கல்லின் முகத்தையே பெயர்க்கும். நீர்புகாப் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

வீடு 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் இருந்தால், மாநகர் மன்றத்திடம் அனுமதி வாங்கிய பிறகே உளியை எடுங்கள்.

முதலில் தண்ணீர் வரும் வழியை நிறுத்துங்கள்: ஓட்டை விழுந்த மழைநீர்க் குழாய், அடைத்த சாக்கடை, நடுமுற்றத்தில் உயர்த்திப் போட்ட சிமெண்டுத் தரை. பிறகு விரல் கணுவால் தட்டி, பொள்ளல் சத்தம் வரும் இடத்திலிருந்து சிமெண்டைப் பெயர்க்கலாம். உளியைச் சாய்த்துப் பிடியுங்கள். பழைய செங்கல் மெது. உடைக்கும் இயந்திரம் வைத்தால் சிமெண்டோடு அதுவும் வரும். ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை எடுத்துவிடுங்கள்.

இனிமேல்தான் பலர் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். சுவர் காய மாதத்துக்கு ஓர் அங்குலம் என்பது தோராயக் கணக்கு. பினாங்குக் காற்றில் அதற்கும் மேல் ஆகும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து முறத்தில் வாருங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். கறியுப்பு வகை, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுக்கும். அதனால் கசிவு நின்ற சுவரும் ஈரமாகத் தெரியலாம். ஊறவைத்த காகிதக்கூழை 2 செ.மீ. கனத்தில் அப்பி, முழுக்கக் காய்ந்ததும் உரித்தெடுங்கள்; இரண்டு மூன்று முறை செய்தால் உப்பு குறையும்.

சாந்துக்கு, அளவுப்படி சுண்ணாம்பு விழுது 1, கழுவிய சொரசொரப்பான ஆற்றுமணல் 3. கடல்மணல் கூடவே கூடாது. மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூளானால் ஒரு நாளாவது தண்ணீரில் ஊறட்டும். கற்சுண்ணாம்பை நீங்களே நீற்றினால் தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள். "சீக்கிரம் இறுக" என்று மேஸ்திரி ஒரு கை சிமெண்டு சேர்க்கப் பார்ப்பார். விடாதீர்கள்.

முதல் நாள் மாலையிலேயே சுவரை நனைத்து வையுங்கள். ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டக்கூடாது, தாண்டினால் வெடிக்கும். மேலே கீறிவிட்டு, கட்டைவிரல் அமுங்காமல் நகம் மட்டும் பதியும் பதத்தில் அடுத்தது. ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கட்டும். பூச்சை அடியில் தரையைத் தொடாமல் 2 செ.மீ. விட்டு நிறுத்துங்கள். பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு நான்கைந்து கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. எமல்ஷன் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் பொதுச்சுவர். பக்கத்து வீட்டார் தம் பக்கம் சிமெண்டு பூசியிருந்தால் ஈரமும் உப்பும் உங்கள் பக்கமே வரும், அடிப்பூச்சு மீண்டும் உதிரும். அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். மிஞ்சிய விழுதை வாளியில் தண்ணீர் மூழ்க மூடி வையுங்கள், ஆண்டுக்கணக்கில் கெடாது.