வெளியான அன்றே வாங்குவதா, பொறுத்திருப்பதா? கையடக்க கேமிங் கருவி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

புதிய கையடக்க கேமிங் கருவி ஒன்று அறிவிக்கப்பட்டதும், “அவசரப்பட வேண்டாம், ஓராண்டு பொறுத்தால் விலை இறங்கிவிடும்” என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிடுவார். நெடுங்காலம் இது நல்ல அறிவுரையாகவே இருந்தது. இன்றும் பொறுத்திருப்பது பலருக்குச் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் காலாவதியாகிவிட்டது. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வெளியீட்டு நாளில் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

விலை இறங்கும் என்ற நம்பிக்கை

இந்த நம்பிக்கையை மிக வலுவாக ஊன்றியது நிண்டெண்டோ 3டிஎஸ். 2011 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வெளியான அந்தக் கருவி, ஐந்து மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், ஆகஸ்ட் 12 அன்று 169.99 டாலருக்கு வந்தது. முதல் நாளிலேயே வாங்கியவர்கள் 80 டாலர் கூடுதலாகக் கொடுத்ததோடு, அந்த மாதங்களில் பெரிதாக விளையாடவும் எதுவும் இல்லாமல் இருந்தார்கள். இணையக் கடையான இ-ஷாப் ஜூன் மாதத்தில்தான் திறந்தது. சூப்பர் மாரியோ 3டி லேண்ட் நவம்பரிலும் மாரியோ கார்ட் 7 டிசம்பரிலும்தான் வந்தன. விலைக்குறைப்புக்கு முன் வாங்கியிருந்தவர்களுக்கு 20 பழைய கேம்களை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. அப்போதைய தலைவர் சடோரு இவாடா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். வாங்கியவருடைய பணப்பைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், இன்றைய நிறுவனத் தலைவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

3டிஎஸ் கதையை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய கருவியை அளந்தால் கணக்கு தவறிவிடும். 2017 மார்ச் 3 அன்று 299.99 டாலருக்கு வெளியான முதல் ஸ்விட்ச், அமெரிக்காவில் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதே விலையில் நின்று, 2025 ஆகஸ்டில் 339.99 டாலருக்கு உயர்ந்தது. அதே மாதத்தில் சோனியும் பிளேஸ்டேஷன் 5 கருவியின் விலையை அங்கே 50 டாலர் கூட்டியது. ஸ்விட்ச் 2-க்கான அமெரிக்க முன்பதிவு, ஏப்ரல் 9 அன்று தொடங்குவதாக இருந்து, இறக்குமதி வரி அறிவிப்பால் ஏப்ரல் 24-க்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் கருவியின் விலை மாறாவிட்டாலும், கூடுதல் கன்ட்ரோலர் போன்ற துணைப்பொருள்களின் விலை உயர்ந்தது. சிப் தயாரிப்புச் செலவு ஆண்டுதோறும் சரிந்துகொண்டிருந்த காலத்தில் விலைக்குறைப்பு இயல்பாக வந்தது. இப்போது அந்தச் சரிவும் மெதுவாகிவிட்டது, வரியும் நாணய மதிப்பும் எதிர்த்திசையில் இழுக்கின்றன. ஆகவே, முதல் நாள் வாங்குவதை மறுக்க வேறு காரணம் எதுவும் இல்லாமல், விலை இறங்கும் என்ற ஒன்றுக்காக மட்டும் காத்திருப்பவர், மேலும் கூடிய விலையில் வாங்க நேரலாம்.

பட்டியல் எழுதுங்கள்

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? முதலில் ஒரு தாளை எடுத்து, அந்தக் கருவியில் முதல் ஆறு மாதங்களுக்குள் நீங்கள் உறுதியாக விளையாடப்போகும் கேம்களின் பெயர்களை எழுத வேண்டும். வெளியீட்டுத் தேதி அறிவிக்கப்படாதவற்றை அடித்துவிட வேண்டும். “விரைவில்” என்று விளம்பரத்தில் வருவது தேதியாகாது. பிறகு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கருவியிலோ கணினியிலோ விளையாடக்கூடியவற்றையும் அடித்துவிட வேண்டும். இந்த இரண்டாவது அடிப்புதான் பெரும்பாலான பட்டியல்களைக் காலியாக்குகிறது. 2017இல் ஸ்விட்ச் கருவியை விற்ற கேம் பிரெத் ஆஃப் த வைல்ட் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நாளில் அது டிவியில் இணைத்து விளையாடும் பழைய வீ யூ கருவியிலும் வெளியானது. வீ யூ வைத்திருந்த ஒருவர் அன்று ஸ்விட்ச் வாங்கியதற்குக் காரணம், கையில் எடுத்துச் சென்று விளையாடும் வசதிதான்; அந்த வசதி அவருக்குத் தேவைப்படவில்லை என்றால் அவசரத்திற்கும் காரணம் இருக்கவில்லை.

ஸ்விட்ச் 2-ஐ இதே முறையில் பார்த்தால், முதல் நாளில் அதற்கென்றே வந்த பெரிய கேம் மாரியோ கார்ட் வேர்ல்ட்; ஆறு வாரம் கழித்து, ஜூலை 17 அன்று, டாங்கி காங் பனான்சா வந்தது. முதல் நாள் பட்டியலில் இருந்த மற்றவற்றில் பல, சைபர்பங்க் 2077 உட்பட, பிற கருவிகளில் முன்பே வந்தவை. நண்பர்களோடும் குழந்தைகளோடும் மாரியோ கார்ட் விளையாடும் வீட்டிற்கு அந்த ஒரு கேமே போதுமானதாக இருக்கலாம். தனியாக நீண்ட கதைக் கேம்களை விளையாடுபவருக்கு அன்று கடை வரிசையில் நிற்க வேண்டிய தேவை இருக்கவில்லை என்பது என் கருத்து.

அடித்த பிறகு தாளில் ஒரு பெயரேனும் எஞ்சி, அதற்காகவே கருவியின் முழு விலையையும் கொடுக்க மனம் ஒப்பினால், மேற்கொண்டு படியுங்கள். ஒன்றும் எஞ்சவில்லை என்றால் முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது.

பட்டியல் நிறைந்திருந்தாலும் ஒரு எச்சரிக்கை தேவை. 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் வீட்டா, அழகிய ஓஎல்இடி (நிறமும் கறுப்பும் ஆழமாகத் தெரியும் வகை) திரையும் முதல் நாளிலேயே கணிசமான கேம்களும் கொண்டிருந்தது. ஆயினும் சில ஆண்டுகளிலேயே சோனி அதற்கான பெரிய கேம்களைத் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. தடுமாறித் தொடங்கிய 3டிஎஸ்ஸோ ஏழரைக் கோடிக்கும் மேல் விற்றது. முதல் நாளின் ஆரவாரத்தை வைத்து ஒரு கருவியின் ஆயுளைக் கணிக்க முடியாது என்பதால், எதிர்காலத்தில் வரப்போகும் கேம்களுக்காக இன்று பணம் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

புதுமை அம்சங்களுக்கும் இது பொருந்தும். கண்ணாடி இல்லாமல் முப்பரிமாணக் காட்சி என்பதே 3டிஎஸ்ஸின் முதல் விளம்பரமாக இருந்தது. 2013இல் அந்த வசதியையே நீக்கி 2டிஎஸ் என்ற மலிவுக் கருவியை அதே நிறுவனம் விற்றது. ஸ்விட்ச் 2-இல் கன்ட்ரோலரை மவுஸாகப் பயன்படுத்துவதும், கேம் சாட் என்னும் உரையாடல் வசதியும் அவ்வாறு முன்னிறுத்தப்பட்டன. கேம் சாட் 2026 மார்ச் 31 வரைதான் இலவசம், அதன் பின் சந்தா வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருந்தது.

முழுச் செலவு

பெட்டியின் மேல் உள்ள விலை தொடக்கம் மட்டுமே. வீட்டா கருவி 249.99 டாலருக்கு வந்தது, ஆனால் அதற்கென்று சோனி தயாரித்த தனி மெமரி கார்டைத்தான் பயன்படுத்த முடிந்தது, 32 ஜிபி கார்டின் விலை 99.99 டாலராக இருந்தது. அந்தக் காலத்துச் சாதாரண மெமரி கார்டுகளின் விலையை அறிந்தவர்களுக்கு அது கொள்ளையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஸ்விட்ச் 2-இல் 256 ஜிபி சேமிப்பிடம் உள்ளது. அதைக் கூட்ட மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டு மட்டுமே ஏற்கும். உங்கள் பழைய ஸ்விட்சில் உள்ள கார்டில் கேம்களை வைத்து இதில் விளையாட முடியாது. வெளியீட்டின்போது 256 ஜிபி எக்ஸ்பிரஸ் கார்டு ஏறத்தாழ 60 டாலராக இருந்தது. “கேம் கீ கார்டு” எனப்படும் அட்டைகளில் கேம் இருக்காது, திறவுகோல் மட்டுமே இருக்கும், முழுக் கேமையும் பதிவிறக்க வேண்டும் என்பதால், அட்டை வாங்குகிறோமே என்று சேமிப்பிடத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

வெளியீட்டின்போது இருந்த அமெரிக்க விலையில் கணக்கை எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: மாரியோ கார்ட் வேர்ல்டுடன் சேர்ந்த ஸ்விட்ச் 2 தொகுப்பு 499.99 டாலர், தனியாக வாங்கினால் கருவி 449.99, கேம் 79.99. ஓராண்டு இணையச் சந்தா 19.99. மெமரி கார்டையும் சேர்த்தால் 580 டாலர், அதற்கு மேல் உள்ளூர் வரி. இதற்குப் பிறகு இரண்டாவது கேம் வாங்கப் பணம் மிஞ்சவில்லை என்றால், மிஞ்சும் வரை பொறுப்பதே நல்லது. ஒரே கேமுடன் அலமாரியில் கிடக்கும் கருவிகள் உலகில் நிறையவே உண்டு.

பழைய கேம்கள் புதிய கருவியில் ஓடுமா என்பதும் செலவுக் கணக்கில் சேரும். ஸ்விட்ச் 2-இல் பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன. சிலவற்றிற்கு மேம்பாடு இலவசமாகக் கிடைத்தது, பிரெத் ஆஃப் த வைல்ட் போன்ற சிலவற்றிற்கு 9.99 டாலர் கேட்கப்பட்டது. பழைய கருவியை விற்றுப் புதியதை வாங்குபவர், தாம் விளையாடிச் சேமித்த கேம் தரவை மாற்றி முடிக்கும்வரை பழையதைக் கைவிடாதிருக்க வேண்டும்.

திருத்தக்கூடிய குறை, திருத்த முடியாத குறை

கையடக்கக் கருவிகளின் வரலாற்றில் விலைக்குறைப்பைவிட உறுதியாக நிகழ்வது ஒன்று உண்டு: இரண்டாவது வடிவம். 2001இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் கருவியின் திரைக்கு விளக்கே இல்லை, வெளிச்சத்தைத் தேடி உட்கார வேண்டியிருந்தது. 2003இல் வந்த எஸ்பி வடிவம் திரை விளக்கோடு வந்தது. 2004இன் டிஎஸ்ஸுக்கு 2006இல் மெலிந்த, வெளிச்சம் கூடிய டிஎஸ் லைட் வந்தது. முதல் ஸ்விட்ச் இரண்டரை மணி முதல் ஆறரை மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனமே சொன்னது. 2019இல் சத்தமில்லாமல் மாற்றப்பட்ட வடிவம், அதே விலையில், நாலரை முதல் ஒன்பது மணி நேரம் தாங்கியது. 2021 அக்டோபரில் ஓஎல்இடி திரை வந்தது. 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் கருவிக்கு 2023 நவம்பரிலேயே ஓஎல்இடி வடிவம் வந்தது. வீட்டாவில் மட்டும் இது தலைகீழாக நடந்தது; பின்னால் வந்த மெலிந்த வடிவத்தில் ஓஎல்இடி நீக்கப்பட்டு எல்சிடி வைக்கப்பட்டது.

எனவே, முதல் விமர்சனங்களைப் படிக்கும்போது குறைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கடை திறக்கவில்லை, மெனு மெதுவாக இருக்கிறது, ஒரு கேம் நின்றுவிடுகிறது என்பவை மென்பொருள் புதுப்பிப்பில் சரியாகக்கூடியவை. இவற்றிற்காக ஓரிரு மாதம் பொறுத்தால் போதும். திரை, பேட்டரி, அனலாக் ஸ்டிக் (விரலால் திசை திருப்பும் குச்சி), சூடு, எடை ஆகியவை நீங்கள் வாங்கிய பெட்டியில் ஒருநாளும் மாறாதவை. ஸ்விட்ச் 2-இன் 7.9 அங்குலத் திரை எல்சிடி வகை. வேகமான காட்சிகளில் கலங்கல் தெரிகிறது என்று பல விமர்சகர்கள் குறிப்பிட்டார்கள். பேட்டரி இரண்டு முதல் ஆறரை மணி நேரம் வரைதான். ஸ்டிக்குகளில் தேய்மானம் குறைந்த காந்த முறை பயன்படுத்தப்படவில்லை; முதல் ஸ்விட்சில் ஸ்டிக்கைத் தொடாமலே கேமில் வரும் பாத்திரம் நகரும் “டிரிஃப்ட்” கோளாறு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்தார்கள். பெரும்பாலும் டிவியில் இணைத்து விளையாடுபவருக்கு இவற்றில் திரையும் பேட்டரியும் பொருட்டே அல்ல. பேருந்திலும் படுக்கையிலும் விளையாடுபவருக்கு, இரண்டாவது வடிவத்திற்காகக் காத்திருக்க இவையே முழுமையான காரணம். ஆனால் மேம்பட்ட திரைக்கான காத்திருப்பு முதல் ஸ்விட்சில் நாலரை ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கணினி வகைக் கருவிகள்

ஸ்டீம் டெக், ஆர்ஓஜி அல்லை போன்றவை கையில் அடங்கும் கணினிகள் என்பதால் கணக்கு வேறு. இவற்றிற்கென்று தனிக் கேம் எதுவும் வருவதில்லை. ஸ்டீம் என்னும் இணையக் கடையில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் கணினி கேம்களே முதல் நாள் பட்டியல். ஆகவே அவசரத்திற்குக் காரணம் குறைவு. அதே வேளையில் புதிய சிப் அடிக்கடி வருகிறது, பழையவற்றின் விலை இறங்கியதும் உண்டு. ஓஎல்இடி ஸ்டீம் டெக் அறிவிக்கப்பட்டபோது 529 டாலராக இருந்த 256 ஜிபி எல்சிடி வடிவம் 399 டாலருக்கு வந்தது. பழைய அறிவுரை அண்மைக் காலத்திலும் பலித்த இடம் இது. வாங்குமுன், நீங்கள் அன்றாடம் விளையாடும் கேம் அதில் ஓடுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்: ஃபோர்ட்நைட், வாலரண்ட் போன்றவை ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக ஸ்டீம் டெக்கின் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடுவதில்லை.

எங்கே வாங்குவது

இந்தியாவில் நிண்டெண்டோ அதிகாரபூர்வமாக விற்பதில்லை. இங்கே கடைகளில் கிடைப்பவை வேறு நாட்டிலிருந்து வந்தவை; விலையைக் கடைக்காரர் முடிவு செய்கிறார், பழுதானால் அவர் சொன்ன வாய்மொழி உறுதிதான் மிஞ்சும். வெளியான வாரங்களில் இந்த விலை மிக உயர்ந்து நிற்கும் என்பதால், இந்திய வாசகர்களுக்கு மட்டும் சில மாதங்கள் பொறுப்பது பணத்திலும் பயன் தரும். ஜப்பானிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே 49,980 யென்னுக்கு விற்கப்பட்ட மலிவு வடிவம் ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும், ஜப்பான் கணக்கை மட்டுமே ஏற்கும். பிற மொழிகள் உள்ள வடிவத்தின் விலை வெளியீட்டின்போது 69,980 யென்னாக இருந்தது.

கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்பவர்களிடம் வெளியீட்டு வாரத்தில் வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. பயன்படுத்திய கருவி என்றால், அதை இணையத்தில் இணைத்துக் கடையைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். திருட்டுப் பிரதி பயன்படுத்தியதற்காக நிண்டெண்டோ இணையச் சேவையிலிருந்து விலக்கிய கருவிகள் பழைய பொருள் சந்தைக்கு வந்திருக்கின்றன.

எல்லாவற்றையும் கடந்து முதல் நாளே வாங்கியவர், கடையின் திருப்பித்தரும் காலம் எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அந்தக் காலத்திற்குள் கருவியை நன்றாக உழைக்க விட வேண்டும். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திரையில் வைத்து இறந்த புள்ளிகளைத் தேடுவது, இரண்டு ஸ்டிக்குகளையும் அமைப்புப் பகுதியில் சோதிப்பது, கனமான ஒரு கேமைப் பேட்டரி தீரும்வரை ஓட்டிச் சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனிப்பது, மெமரி கார்டில் ஒரு கேமை ஏற்றி அதிலிருந்து ஓட்டுவது ஆகியவை முடியும்வரை திரைக் காப்புத் தாள் ஒட்டாமலும் பெட்டியைத் தூக்கி எறியாமலும் இருக்க வேண்டும்.