டர்பன் கடலோர வீடுகளில் பழைய வினைல் பலகையைக் கழற்றிப் பழுதுபார்க்க

வெளிச்சுவரை மூடும் வினைல் (பிளாஸ்டிக்) பலகையை இறுக்கி ஆணியடிப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம். 3.6 மீட்டர் பலகை வெயிலுக்கும் குளிருக்குமாக 12 மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். நகர இடமில்லாவிட்டால் அலையலையாகப் புடைக்கும், ஆணித்துளையில் கிழியும். டர்பன், டொங்காட் பக்கம் உப்புக்காற்றில் துருவேறிய ஆணியும் இதையேதான் செய்கிறது. சுவரையொட்டி பிராய் (இறைச்சி சுடும் தீ) மூட்டினாலோ பலகை உருகி நெளியும். அதை நிமிர்த்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, வேலைக்கு நல்ல காலம். ஆனால் விடியற்குளிரில் தொடாதீர்கள், பழைய வினைல் வெடிக்கும். வெயில் ஏறியபின் ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் ஒட்டுப்போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒன்றைக் கழற்றும்போது பக்கத்துப் பலகையும் உடையும். அந்தச் சுவர் முழுவதையும் மாற்றுவதே மிச்சம்.

கழற்ற ஜிப் டூல் (முனையில் கொக்கியுள்ள சிறு கைக்கருவி) போதும். பழுதான பலகைக்கு மேலே உள்ளதன் அடிவிளிம்பில் கொக்கியை நுழைத்துக் கீழே இழுத்தபடி பக்கவாட்டில் நகர்த்தினால் இரு பலகைகளையும் கோக்கும் பூட்டு விடுபடும். மேல்பலகைக்கு மரத்துண்டு முட்டுக்கொடுத்து, தட்டைக் கடப்பாரையால் ஆணிகளைப் பிடுங்கி, பழுதானதைக் கீழ்நோக்கி இறக்கி எடுங்கள்.

உள்ளே மரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மூடக்கூடாது. சாம்பல்நிறச் சிமெண்ட் தகடு தெரிந்தால் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கலாம், தென்னாப்பிரிக்காவில் அது 2008-இல்தான் தடைசெய்யப்பட்டது; பதிவுபெற்ற ஒப்பந்ததாரரை அழையுங்கள்.

சிறிய ஓட்டை என்றால் பின்பக்கத்தைத் துடைத்து, அதே வடிவப் பலகைத் துண்டைப் பிவிசி பசையால் உள்ளிருந்து ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் விளிம்பில் மழைநீர் தங்கும். புதுப்பலகையின் நிறம் வெளிறிய சுவரோடு சேராது. பின்சுவரிலிருந்து ஒன்றை எடுத்து முன்னால் போட்டு, புதியதைப் பின்னால் வையுங்கள்.

பொருத்தும்போது அடிப்பூட்டு ‘டக்’ என்று விழவேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஆணியைத் துளையின் நடுவில், 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடியுங்கள். தலைக்கும் பலகைக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் விடுங்கள். மூலைப்பட்டையில் 6 மில்லிமீட்டர் இடைவெளி, பலகைகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று 25 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். கடைசியில் கையால் தள்ளினால் பலகை இருபக்கமும் சற்று நகரவேண்டும். நகராவிட்டால் ஆணியைத் தளர்த்திவிட்டு மேல்பலகையைப் பூட்டுங்கள்.